படத்துக்கு வெளியே நின்றவருக்கு

இஞ்சாருங்கோ,

கடிதம் என்றால் ‘அன்புள்ள’ என்று தொடங்கிப் பெயரை எழுத வேண்டுமாம். உங்களுடைய பெயரை ஒருநாளும் வாயால் சொல்லாதவள் கையால் எழுதுவேனா? குசினிக்குள் நின்று “இஞ்சாருங்கோ” என்றால் தோட்டத்துக்குள் இருந்து “ஓமப்பா, வாறன்” என்று குரல் வரும். அந்த ஒரு சொல்லோடுதான் இவ்வளவு காலமும் குடும்பம் நடத்தினோம். இந்தக் கடிதத்துக்கும் அதுவே போதும்.

முதலில் ஒரு புதினம் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. நான் படம் எடுக்கப் பழகுகிறேன். ஓம், நான்தான். ரீவி ரிமோட்டைப் பிடிக்கத் தெரியாது என்று நீங்கள் பகிடி பண்ணின அதே ஆள், இப்போது கமராவைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு வேலணை முழுக்கத் திரிகிறேன். கமரா சுகியினுடையது. நம்முடைய ஒற்றைப் பிள்ளை தனக்குப் புதிது வாங்கிவிட்டு, பழையதை ஊருக்கு வந்த ஒருவரிடம் நோர்வேயிலிருந்து கொடுத்துவிட்டாள். “வீட்டுக்குள்ளயே குந்திக்கொண்டிராதேங்கோ அம்மா. வெளியில போய் ஒரு மரத்தையாவது படம் எடுங்கோ” என்றாள். நீங்கள் போன பிறகு நான் படலையைத் தாண்டுவதில்லை என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் நான் கமராவைத் தொட்டது மரத்துக்காக அல்ல. ஹோலில் தொங்குகிற கோட்டுக்காரரால்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியாது. தோட்டத்து வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் நீங்கள், எழும்பவேயில்லை. உங்களைக் கிடத்திய கையோடு பேப்பருக்குப் படம் வேண்டும், பந்தலுக்குப் படம் வேண்டும் என்று ஆட்கள் வந்து நின்றார்கள். கலியாண அல்பம்தான் இடப்பெயர்வோடு போய்விட்டதே. திரும்பி வந்த பிறகு எடுத்த படங்களின் அல்பத்தை ரவுணில் இருக்கிற ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதில ஐயா இல்லையே. அம்மாவும் பிள்ளையும்தான் நிக்கினம். கனக்கப் படம் அடியில கறுத்தும் கிடக்கு” என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் உங்களுடைய அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெருப்பித்து, கழுத்துக்குக் கீழே கோட்டும் ரையும் மாட்டி, பின்னால் நீலமும் அடித்துத் தந்தார்கள்.

அந்தக் கோட்டை எந்த அலுமாரியில் வைத்திருந்தீர்கள்? சாரத்தை மடித்துக் கட்டி, துவாயைத் தலையில் சுற்றி, புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற ஆளைத்தான் எனக்குத் தெரியும். அந்தப் படத்துக்கு விளக்கு வைக்கும்போது ஏதோ கந்தோருக்கு ஒரு அலுவலாகப் போய் நிற்கிறவள்போல இருக்கிறது. அழுகைகூட வருவதில்லை. முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால் எப்படி அழுவது?

அதைவிடப் பெரிய பயம் பிறகு வந்தது. ஒருநாள் கண்ணை மூடி உங்களுடைய முகத்தை நினைத்துப் பார்த்தேன். கோட்டோடு வந்தீர்கள். எவ்வளவு முயன்றும் அந்தக் கோட்டைக் கழற்ற முடியவில்லை.

வருசம் திரும்புகிற ஆட்டத்திவசத்துக்குச் சுகி வருவதாகச் சொல்லியிருந்தாள். உங்களுடைய செத்தவீட்டை அவள் போனில் லைவாகத்தான் பார்த்தாள். வயிற்றில் பிள்ளை, நாள் கிட்டிவிட்டது, பிளேன் ஏறவிடவில்லை. நீங்கள் காணாத அந்தப் பேத்தியும் தாயோடு வருகிறாள். அம்மப்பா என்று அவள் அந்தக் கோட்டுக்காரரைக் கையால் காட்டிப் பழகுவதா? அதற்கு முன்னம் நீங்கள் நீங்களாக இருக்கிற ஒரு படம் இந்த வீட்டுக்கு வேண்டும் என்று முடிவெடுத்தேன். இல்லாத ஆளை எப்படிப் படம் எடுப்பது என்று மட்டும் தெரியவில்லை.

நம்மிடம் கமரா இல்லாமலா இருந்தது? என்னுடைய அண்ணை ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்து தந்தது இருந்ததே. ஆனால் நாங்கள் குடும்பமே மூன்று பேர். மூன்று பேராய் நின்று படம் எடுத்தால் ஒருவர் குறைந்துபோவார் என்று ஊரெல்லாம் சொல்கிறதுதான். மற்றவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அயல்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு நாலாக்குவார்கள். இல்லையென்றால் பிள்ளையின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள்.

நீங்கள் அதற்கும் மசியவில்லை. உங்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. இளந்தாரி வயதில் நீங்களும் உங்களுடைய பெரியண்ணையும் இன்னொரு கூட்டாளியும் ஊர்காவற்றுறையில் ஒரு ஸ்டூடியோவில் மூன்று பேராய் நின்று படம் எடுத்தீர்கள். படம் கைக்கு வந்து கொஞ்ச நாளில் பெரியண்ணையைக் கடல் கொண்டுபோனது. அதிலிருந்து கமரா கைக்கு வந்தால் நீங்களே அதை வாங்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவீர்கள். “நீரும் பிள்ளையும் நில்லும். நான் எடுக்கிறன். மூண்டாகுது” என்பீர்கள். நயினாதீவுத் திருவிழாவிலும் அப்படி, சாட்டிக் கடற்கரையிலும் அப்படி, சுகி பெரியபிள்ளையான அன்றும் அப்படி. ஒரு தடவை நான் கோபித்துக்கொண்டு, “அப்ப நான் எடுக்கிறன், நீங்கள் பிள்ளையோட நில்லுங்கோ” என்றேன். கமராவின் மூடியைக் கழற்றாமல் ஒரு ரோல் முழுக்க அமத்தியிருக்கிறேன். கழுவப் போன இடத்தில் ஸ்டூடியோக்காரர் சிரித்த சிரிப்பை நீங்கள் எத்தனை வருசம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்?

அந்த மூடிக்காரிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலணை வாசிகசாலைக்குப் படம் எடுக்கப் படிக்கப் போனாள். ரவுணிலிருந்து வினோதா என்றொரு பிள்ளை வந்து படிப்பித்தது. எல்லாம் இளசுகள், நடுவில் நான். முதல் நாளே சொல்லிவிட்டது: “ஆக்களை எடுக்க இப்ப அவசரப்படாதேங்கோ. மரம், தண்ணி, காத்து, வெளிச்சம். அதுகள் கோவிக்காது, பொறுமையாய் நிண்டு தரும்.” எனக்கு அது பிடித்தது.

காற்று நின்று தரும் என்று சொன்னது மட்டும் பொய். சோளகக் காற்று எழும்பின நேரம், ஒரு பனையோலைகூட நேராய் நிற்கவில்லை. நான் எடுத்த முதற் படங்களில் ஆடுகளுக்குத் தலை இல்லை. கடல் ஒரு பக்கமாய்ச் சரிந்து கிடந்தது. “அம்மா, உங்கட கடல் ஊத்துப்படப்போகுது, நிமித்திப் பிடியுங்கோ” என்று வினோதா சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் போனதற்குப் பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து அதற்காக அழுதேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பண்ணைப் பாலத்தால் எத்தனை ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருப்போம்? தண்ணீர் காலையில் ஒரு நிறம், மதியம் ஒரு நிறம் என்று நான் கவனித்ததேயில்லை. இப்போது பார்க்கிறேன். நம்முடைய தோட்டத்தையும் பார்க்கிறேன். இந்த முறை புகையிலை வைக்கவில்லை. தரிசாய்க் கிடக்கிற நிலத்தில் மாலை வெயில் விழும்போது அது இவ்வளவு வடிவாய் இருப்பது எனக்குக் கோபமாய் இருக்கிறது. ஆள் இல்லாத நிலத்துக்கு என்ன வடிவு வேண்டிக்கிடக்கிறது?

பிறகு ஒரு ஞாயிறு வினோதா வேலை ஒன்று தந்தது. “ஆளைக் காட்டாமல் ஒரு உணர்ச்சியை எடுத்துக்கொண்டு வாங்கோ. சந்தோசமோ, கவலையோ, கோவமோ. முகம் வரக்கூடாது.” என் பாடே அதுதானே. நீங்கள் இல்லாததை ஒரு படத்தில் பிடித்துவிட்டால் நீங்கள் பாதி வந்தமாதிரி.

உங்களுடைய சைக்கிளை எடுத்தேன். “அம்மா, இது சைக்கிள்” என்றது. கரையில் கால்தடத்தை அலை அழிப்பதை எடுத்தேன். “இதை எல்லாரும் எடுக்கிறவை” என்றது. அந்தப் பிள்ளைக்கு வாய் கொஞ்சம் கூடத்தான், ஆனால் பொய் இல்லை.

பிடிவாதத்தில் ஒரு பின்னேரம் பஸ் ஏறிச் சாட்டிக்குப் போனேன். ஒரு குடும்பம் மணலில் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மணலில் படர்ந்து கிடந்த அடம்பன் கொடியை எடுத்தேன். வெயில் சரிந்துவிட்டது. ஊதாப் பூ ஒன்று, பக்கத்தில் காய்ந்த கொடி. பூவையும் காய்ந்ததையும் சேர்த்தே எடுத்தேன். நம்முடைய நிலைமை எனக்கு அதில் தெரிந்தது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வினோதா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு விரலால் அடியைக் காட்டியது. பூவின்மேல் கறுப்பாய் ஏதோ ஏறிக் கிடந்தது.

“இது உங்கட நிழல் அம்மா. தொடக்கத்தில எல்லாரும் விடுற பிழைதான். வெயிலை முதுகில வைச்சு எடுத்தால், அதுவும் பின்னேரத்தில, எடுக்கிற ஆள் தனக்குத் தெரியாமலே படத்துக்குள்ள வந்திடுவார். ரெண்டடி பக்கமாய் அரக்கி நிண்டிருக்கலாம்.”

பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன். எனக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது, உங்களுடைய குரல்: “வெயில் என்ர முதுகில நிக்கவேணும், உங்கட முகத்தில விழவேணும். அசையாதேங்கோ.” ஒவ்வொரு படத்துக்கும் அதைத்தானே சொல்வீர்கள்?

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து அல்பத்தை எடுத்தேன். விறாந்தை வெளிச்சத்தில் வைத்துப் புரட்டினேன். அடியில் கறுத்துக் கிடக்கு என்று ஸ்டூடியோக்காரர் சொன்ன படங்கள். வெயில் பட்டுப் பழுதானவை என்று நானும் அதுவரை நினைத்திருந்தவை.

அங்கே நின்றீர்கள்.

நயினாதீவில், தேருக்கு முன்னால் நானும் சுகியும். எங்களுடைய காலடியில் ஒரு தலையும் இரண்டு தோளும். தோட்டத்தில், புகையிலைக் கன்றுகளுக்கு மேலால், தலையில் சுற்றின துவாய் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிற நிழல். சாட்டியில் எடுத்தது ஒன்று இருக்கிறது. சுகிக்கு அப்போது முன்பல் விழுந்திருந்தது. பின்னேர வெயிலில் உங்களுடைய நிழல் நீண்டு வந்து, தலை அவளுடைய காலிலும் தோள் என்னுடைய சேலைக் கரையிலும் முட்டிக்கொண்டு கிடக்கிறது. கமராவைக் கண்ணில் வைத்திருக்கிற இரண்டு முழங்கையும் சட்டியின் காதுபோல வெளியே தள்ளியிருக்கிறது.

அன்றைக்குத்தான் உங்களுக்காக ஒழுங்காக அழுதேன். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அந்தப் படத்தைத்தான் பெருப்பிப்பது என்று தீர்மானித்தேன். திவசத்துக்கு முதல்நாள் பெரிய மச்சாள் புங்குடுதீவிலிருந்து வந்துவிட்டார். தம்பியின் திவசத்துக்குத் தான் நின்றால்தான் எல்லாம் ஒழுங்காய் நடக்கும் என்று நினைக்கிற ஆள், உங்களுக்குத் தெரியாததா? கோட்டுப் படத்துக்குப் பக்கத்தில் நான் கொழுவியிருந்ததைப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தார்.

“இதென்ன கூத்து? திவசம் அவனுக்கு. உம்மட படத்தையும் பிள்ளையின்ர படத்தையும் ஏன் கொழுவி வைச்சிருக்கிறீர்?”

“அவரும் நிக்கிறார் மச்சாள். கீழ பாருங்கோ.”

“நிழலுக்கோ மாலை போடப்போறீர்? விசரே உமக்கு? ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கிறவை சிரிக்கட்டும். கிட்டப் போய்ப் பாருங்கோ.”

மச்சாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். சண்டை பிடிக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். பார்த்துக்கொண்டே நின்றவருடைய கை மெல்ல எழும்பிப் படத்தின் கண்ணாடியைத் தொட்டது.

“இந்த இடக்கை முழங்கை...” என்றார். “பனையால விழுந்து முறிஞ்சது. கட்டுப் பிழைச்சுப்போய், அதில இருந்து இப்பிடித்தான், வலக்கையை விட உசத்தித்தான் வைப்பான். சோறு தின்னேக்கயும் இப்பிடித்தான். ஐயோ, என்ர தம்பி!”

கோட்டுப் படத்துக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிசி, நிழலுக்கு முன்னால் இருந்து ஒப்பாரி வைத்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அழுது முடித்து, மூக்கைச் சீறிவிட்டு, திரும்பவும் படத்தைப் பார்த்தார். விரலால் எண்ணினார். நான், சுகி, நிழல்.

“மூண்டு” என்றார், குரல் இறங்கி.

ஓம், மூன்று. நான் அதுவரை அதை யோசிக்கவில்லை. விலகி விலகி நின்றீர்களே, ஒவ்வொரு படத்திலும் வந்து நின்றிருக்கிறீர்கள். மூன்று பேராய் எத்தனை வருசம், எத்தனை படம்? யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை வளர்ந்தாள், நோர்வேக்குப் போய்க் கலியாணம் முடித்தாள், நமக்கு நரைத்தது. பெரியண்ணையைக் கொண்டுபோனது கடல்தான், படம் அல்ல என்று அப்போதே உங்களுக்கு யாராவது உறுதியாய்ச் சொல்லியிருந்தால், ஒரேயொரு தடவையாவது வந்து என் பக்கத்தில் நின்றிருப்பீர்களா?

பயந்து எங்களுக்காகத்தான் விலகினீர்கள். அது தெரிவதால்தான் எனக்கு இன்னும் கூட நோகிறது.

சுகி வந்தாள். படலைக்குள் காலை வைத்ததும் “அப்பா” என்று ஒரு குரல் வைத்தாள். அதை இங்கே எழுத என்னால் ஏலாது. பேத்திக்கு உங்களுடைய காது. அந்தக் காதைப் பிடித்துப் பார்க்க நீங்கள் இல்லையே என்று எனக்குக் கடவுளோடு ஒரு வழக்கு இருக்கிறது, அது தீராது. திவசம் குறையில்லாமல் முடிந்தது. ஐயர் கோட்டுப் படத்துக்குப் பூப்போட்டார், மச்சாள் மற்றப் படத்துக்குப் போட்டார். கோட்டுக்காரரை நான் கழற்றவில்லை. வந்துபோகிறவர்களுக்கு மரியாதையாய் ஒருவர் இருக்கட்டும்.

அடுத்தநாள் பின்னேரம் மச்சாளையும் கூட்டிக்கொண்டு எல்லோருமாய்ச் சாட்டிக்குப் போனோம். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படத்தில் நின்ற இடம் கிட்டத்தட்ட இதுதான் என்று சுகிக்குக் காட்டினேன். பிள்ளை மணலை அள்ளி வாய்க்குள் வைத்தது. நல்ல வெயில், மஞ்சளாய்ச் சரிந்து வந்தது. எனக்கு இப்போது வெயில் பார்க்கத் தெரியுமே.

“ஒரு படம் எடுப்பம்” என்றேன்.

சுகி பிள்ளையைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். என் கழுத்திலிருந்த கமராவைக் கழற்றி எடுத்தாள். நான்கைந்து அடி தள்ளிப் போய், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். “நீங்களும் பிள்ளையும் நில்லுங்கோ அம்மா. நான் எடுக்கிறன். மூண்டாகுது.”

யோசித்துச் சொல்லவில்லை அவள். அத்தனை தூரத்தில், அந்தக் குளிருக்குள் இருந்து வந்த பிள்ளை, நீங்கள் நின்றமாதிரியே நின்று, நீங்கள் சொன்ன சொல்லையே சொன்னாள். இனி வருகிற அல்பமெல்லாம் எனக்குத் தெரிந்தது. பேத்தி வளர்ந்து, தாயின் படம் ஒன்று தேடி, ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டப்போகிறாள்.

“சுகி, கமராவை வை. வந்து என்ர பக்கத்தில நில்” என்றேன்.

“அம்மா, அப்பா சொல்லுறவர்...”

“அப்பா சொல்லித்தானே எங்களிட்ட அப்பாவின்ர ஒரு படம் இல்லை. வா.”

அவள் திகைத்துப்போய் மச்சாளைப் பார்த்தாள். பெரியண்ணையைக் கடலுக்குக் கொடுத்த வீட்டில், மூன்று என்றால் அன்றிலிருந்து விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருகிற ஆள் மச்சாள். ஏசப்போகிறார் என்றுதான் நானும் நின்றேன். மச்சாள் மணலுக்குள் கால் புதையப் புதைய நடந்து போய், சுகியின் கையிலிருந்த கமராவைப் பறித்தார்.

“கொண்டா இஞ்ச. எதை அமத்திறது?”

ஒரே ஒரு படம்தான் எடுத்தார். கடல் சரிந்து ஊற்றப்போகிறது. சுகியின் கண் அழுது வீங்கிக் கிடக்கிறது. பிள்ளையின் வாயில் மணல். அடியில், முக்காடு போட்ட மச்சாளின் நிழல் எங்களுடைய கால்வரைக்கும் வந்து கிடக்கிறது. வினோதா பார்த்தால் பிழை பிழையாய்க் காட்டும். நான் காட்டப்போவதில்லை.

சுகி போய்விட்டாள். வீடு பழையபடி. காலையில் விளக்கை இப்போது நிழலுக்குத்தான் முதலில் காட்டுகிறேன். கண்ணை மூடினால் கோட்டுக்காரர் வருவதில்லை. நீங்களும் முகத்தோடு வருவதில்லை, அந்த உசந்த முழங்கைதான் முதலில் வருகிறது. பரவாயில்லை, மிச்சம் மெல்ல மெல்ல வரும் என்று இருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். நான் இருக்கும்வரை இந்த வீட்டில் யாரும் கணக்குப் பார்த்துப் படத்துக்கு வெளியே போக விடமாட்டேன். மூன்று என்றால் மூன்றாய் நிற்போம். நான் படம் எடுக்கிற நாளில் வெயிலை முதுகில் வைத்துத்தான் எடுப்பேன், இரண்டடி அரக்கமாட்டேன். நான் இல்லாத காலத்தில் பேத்தி என்னைத் தேடினால், அடியில் பார்க்கட்டும்.

இஞ்சாருங்கோ, கேட்குதா?

உங்கட பக்கத்தில் ஒரு படத்துக்காவது நிற்க ஆசைப்பட்ட,
உங்கட மனிசி